அழைப்பிதழில் தமிழ்ப் பெயர்: எழுத்தைச் சாய்த்தால் அழகு வந்துவிடுமா?

செம்பனைச்சாலை | சுங்கை சிப்புட் | திங்கள், இரவு 9.10

வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் அழைப்பிதழ் வடிவமைத்துக் கொடுக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கோயில் திருவிழா எல்லாம் வரும். அச்சடிப்பதற்கு ஈப்போவுக்கு அனுப்புவேன்.

போன வாரம் ஓர் அம்மா மகளின் கல்யாணத்துக்காக வந்தார். கையில் உறவினர் வீட்டு அழைப்பிதழ் ஒன்று. மணமக்கள் பெயர் ஆங்கிலத்தில் பொன்னிறத்தில் இருந்தது, கொடி படர்ந்ததைப் போன்ற ஸ்கிரிப்ட் எழுத்து. அதன் கீழே அதே பெயர்கள் தமிழில், செய்தித்தாள் எழுத்தில். அந்த அம்மா தமிழ் வரியில் விரலை வைத்து, “இங்கிலீஷ் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறது. தமிழ் மட்டும் சமையல்கட்டிலிருந்து அப்படியே எழுந்து வந்ததுபோல இருக்கிறதே, ஏன் அம்மா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பத்து ஆண்டுகளாக நானும் அப்படித்தான் அடித்துக் கொடுத்து வருகிறேன்.

அன்றிரவே உட்கார்ந்தேன். வழக்கமான தமிழ் எழுத்துரு ஒன்றை எடுத்து 15 பாகை சாய்த்துப் பார்த்தேன். புள்ளிகள் வலப்பக்கம் நழுவி, அடுத்த எழுத்துக்குச் சொந்தம்போலத் தெரிந்தன. துணைக்கால்கள் மழையில் சாய்ந்த வேலிக் கம்பங்களாக நின்றன. ஆங்கில ஸ்கிரிப்டின் வால்களை வெட்டித் தமிழ் எழுத்தில் ஒட்டியும் பார்த்தேன். அதைப் பார்க்கவே மனம் வரவில்லை.

தை மாதத்தில் முகூர்த்தம். 400 அழைப்பிதழ். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்துக்கு நிகராக நிறுத்த என்ன வழி? இந்த வேலையில் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பலகைக்கடை | சுங்கை சிப்புட் | திங்கள், இரவு 9.48

தங்கச்சி, கூகுள் எழுத்துருத் தொகுப்பில் தேடிப் பாருங்கள். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த சாய்ந்த கையெழுத்து வகை ஒன்று இருக்கிறது. வளைவான அலங்கார வகைக்கு ‘அரிமா’ இருக்கிறது. இரண்டும் இலவசம், கடை வேலைக்கும் பயன்படுத்தலாம். ஸ்டிக்கர் வெட்டுவதாக இருந்தால் மட்டும் மெல்லிய கோடுள்ள எழுத்தை எடுக்காதீர்கள். தேவையில்லாத பகுதியை உரிக்கும்போது கோடும் சேர்ந்து வந்துவிடும்.

செம்பனைச்சாலை | திங்கள், இரவு 10.05

நன்றி அண்ணா. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். நல்ல எழுத்துகள்தாம், வேறு வேலைக்குக் கட்டாயம் எடுப்பேன். ஆனால் தடித்தும் மெலிந்தும் ஓடுகிற ஆங்கில ஸ்கிரிப்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள்போல நிற்கின்றன.

வளைகோடு | கோலாலம்பூர் | செவ்வாய், காலை 7.20

அக்கா, வணக்கம். எழுத்துரு வரைவது என் தொழில். பிறந்தது உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம், பள்ளி முடிந்தபின் இங்கே வந்துவிட்டேன். இந்தக் கேள்விக்காகவே ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா காட்டிய ஆங்கில எழுத்து எதிலிருந்து பிறந்தது என்று முதலில் பார்ப்போம். கூரிய முனை, நடுவில் பிளவு, அழுத்தினால் வளைந்துகொடுக்கும் நிப். கீழ்நோக்கி அழுத்தி இழுத்தால் பிளவு விரிந்து மை அகலமாக இறங்கும். மேலே ஏறும்போது அழுத்தினால் நிப் தாளைக் குத்திவிடும். அதனால் இறங்கும் கோடு தடிமன், ஏறும் கோடு மயிரிழை. கை இயல்பாக ஓடும் திசையில் எழுத்து சாய்ந்தது, எழுதும் கோட்டிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 55 பாகை. பேனாவை எடுக்காமல் வேகமாக எழுதியதால் எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன.

ஜார்ஜ் பிக்காம் என்பவர் அந்தக் கால எழுத்தாசான்களின் கையெழுத்துகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி 1730களில் லண்டனில் வெளியிடத் தொடங்கினார். அவற்றை வைத்துத்தான் 1997இல் ரிச்சர்ட் லிப்டன் அடோபி நிறுவனத்துக்காக ‘பிக்காம் ஸ்கிரிப்ட்’ வரைந்தார். மேத்யூ கார்ட்டர் 1960களில் வரைந்த ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’ எழுத்துக்கும் சார்லஸ் ஸ்னெல் என்ற எழுத்தாசானின் கையெழுத்துதான் மூலம். ‘ஸாப்ஃபினோ’ கொஞ்சம் வேறு சாதி. ஹெர்மன் ஸாப்ஃப் 1944இல் எழுதிய ஒரு கையெழுத்துப் பக்கம் 1998இல்தான் எழுத்துருவாக வெளிவந்தது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் வைத்தால்தான் கையால் எழுதியதுபோல இருக்கும். கணினி அதற்கு இடம் கொடுக்கும்வரை அது காத்திருந்தது. மேக் கணினி வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருவில் அதன் பெயரையே ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். ஏழு எழுத்தும் சேர்ந்து ஒரே சித்திரமாகிவிடும்.

ஆக, அந்தச் சாய்வையும் கோத்தலையும் ஒரு நிப்பும் அதைப் பிடித்த கையும் கொடுத்தன. நம் எழுத்தைப் பிடித்து வளர்த்தது எழுத்தாணி. ஓலையில் கீறிக் கரி தடவினால் கோடு எங்கும் ஒரே பருமனாகத்தான் இருக்கும். எழுத்தாணி ஓலையில் எழுத்துக்கு எழுத்து எடுத்து வைக்கப்படும். நம் எழுத்து கோத்துக்கொள்ளாமல் தனித்தனியே நிற்பது குறை இல்லை. அது நடந்து வந்த வழி அப்படி.

தமிழுக்குத் தடிமனும் மெலிவும் கொடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு கூர்நிப் பேனாவை வாங்கி ‘ப’ எழுதிப் பாருங்கள். இடக் கோடு இறங்கும், அடிக்கோடு வலப்பக்கம் போகும், வலக் கோடு ஏறும். இடப்பக்கம் தடிமன், வலப்பக்கம் மயிரிழை. சாய்க்காமலே அந்த ‘ப’வுக்கு ஒரு நடை வந்துவிடும். அடுத்து ‘ட’. ஒரே இறக்கம், பிறகு ஒரு மெல்லிய ஓட்டம். பிறகு ‘ழ’. அந்த வாலில் உங்கள் கை எங்கே தானாக அழுத்துகிறது என்று பாருங்கள். சாய்வை விட்டுவிடுங்கள், அழுத்தத்தைப் பிடியுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்துருவை யாரோ எங்கோ செய்து நமக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985லேயே ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கியவர். ஆப்பிள் கணினிகளில் இருக்கும் ‘இணைமதி’ அவர் வரைந்தது. இந்த மண்ணில் இந்த வேலைக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

ஈயஎழுத்து | கோலா கங்சார் | செவ்வாய், பிற்பகல் 2.15

தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் பதினேழு வயதில் ஒரு சிறிய அச்சகத்தில் அச்சுக்கோக்கச் சேர்ந்தவன். கல்யாண அழைப்பிதழ்தான் எங்கள் பிழைப்பு.

ஈய எழுத்தில் ஸ்கிரிப்ட் என்றாலே தொல்லை. ஒவ்வோர் எழுத்தும் சதுரக் கட்டைமேல் நிற்கும். சாய்ந்த எழுத்தின் தலையோ வாலோ கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இறுக்கும்போதோ அச்சடிக்கும்போதோ அந்த நீட்டல்தான் முதலில் முறியும். எங்களிடம் இருந்த ஆங்கில ஸ்கிரிப்ட் பெட்டியில் ‘எஃப்’ பாதி வாலில்லாமல் கிடந்தது. முதலாளி அந்த எழுத்து வரும் பெயர்களுக்கு மட்டும் வேறு பெட்டியைக் காட்டுவார்.

தமிழில் அலங்காரம் வேண்டுமென்றால் எங்களுக்கு ஒரே இடம்தான் இருந்தது. அது ‘துணைவியார்’. இளையவர்களுக்குத் தெரியாது. அப்போது ணை, னை, லை, ளை நான்கும் யானைத் துதிக்கையோடு இருக்கும். எழுத்தின் தலையிலிருந்து மேலே எழும்பி வளைந்து இறங்கும். ஒவ்வொன்றும் தனி அச்சு. மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரும் ‘அவர்தம் துணைவியார்’ என்பதும் ஒரே வரியில் வரும். அந்த ஒரு துதிக்கை வரி முழுவதையும் தூக்கி நிறுத்திவிடும். அம்மா கேட்கும் அழகு நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. நாமே அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டோம். அழைப்பிதழுக்காவது அதைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம்.

கரும்பலகை | சுங்கை சிப்புட் | செவ்வாய், மாலை 5.40

ஐயா மன்னிக்க வேண்டும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுப்பவள் நான். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற சீர்திருத்த வடிவம்தான் நம் பாடநூல்களிலும் இருக்கிறது. போன ஆண்டு ஒரு மாணவி தன் பாட்டியின் கல்யாணப் பத்திரிகையை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். கடகடவென்று படித்துக்கொண்டே வந்தவள் ‘அன்னை’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள். “டீச்சர், இது என்ன எழுத்து?” என்றாள். அன்னை என்ற சொல்லிலேயே ஒரு குழந்தை தடுக்கி நிற்பதை நான் பார்த்தேன்.

நம் வீட்டுக் கல்யாணத்தில் மேடையை அலங்கரிக்கும் பதாகையைப் பெரியவர்கள் ஒரு முறை பார்ப்பார்கள். பிள்ளைகள் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு எழுத்து எழுத்தாகப் படிப்பார்கள். தமிழ் எழுத்து அவர்கள் கண்ணில் படுகிற இடங்களே குறைவு. அந்த இடத்திலும் தெரியாத வடிவத்தை வைத்தால் என்ன பயன்?

ஈயஎழுத்து | செவ்வாய், இரவு 8.30

டீச்சர் சொல்வது மனத்தில் பட்டது. அந்தக் குழந்தை நின்ற இடத்தை நினைத்தால் என் வாதத்தை நீட்ட எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். துதிக்கை வேண்டாம், சரி. அது வரிக்குக் கொடுத்த எழும்பலை வேறு எங்காவது வைக்க முடியுமா? இப்போதைய ‘ணை’யில் சங்கிலிபோல ஒரு கொம்பு முன்னால் நிற்கிறது. அந்தக் கொம்பின் தலைச்சுழியைப் பெரிதாக்கி மேலே எடுத்தால் குழந்தையும் படிக்கும், வரியும் எழும்பும்.

வளைகோடு | செவ்வாய், இரவு 9.02

ஐயா, வரைபவன் தேட வேண்டிய இடத்தை நீங்கள் சுட்டிவிட்டீர்கள். கொம்புச் சுழி, மேல்விலங்கு (‘கி’யின் மேல்வளைவு), மேல்விலங்குச் சுழி (‘கீ’யின் தலைச்சுழி), ‘ழ’ ‘த’ ‘ந’ ‘ற’ வால்கள். தமிழில் நீட்டவும் சுருக்கவும் இடம் கொடுக்கிறவை இவைதாம். ‘கீ’யின் தலைச்சுழியை எவ்வளவு தூக்கினாலும் அது ‘கீ’தான். ‘க’வின் உடம்பில் கை வைத்தால் அடையாளம் போய்விடும். கோலம் போடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். புள்ளி வைத்த இடம் வைத்த இடம்தான். சிக்கு எங்கே சுற்றலாம் என்பதில்தான் ஒவ்வொருவர் கையும் வேறுபடும்.

செம்பனைச்சாலை | வியாழன், இரவு 11.20

இரண்டு நாளாக நிப்போடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ‘ப’ தாளுக்கு முப்பது என்று பத்துத் தாள் எழுதினேன். கை கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

என் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார். அம்மா ரப்பர் தோட்டத்தில் இருபத்து மூன்று ஆண்டு பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். நான் ஆங்கில ஸ்கிரிப்டையும் எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். “உன் கோடு ஏன் மாற்றுப் பக்கம் சாய்கிறது?” என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு என் தாளிலேயே விரலால் காட்டினார். மரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும், முப்பது பாகைச் சரிவு. அப்படி வெட்டினால்தான் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் அதிகம் அறுபடும். ஆங்கில எழுத்தின் சாய்வு அதற்கு நேர்மாறு. அம்மாவின் கைக்கு அது அந்நியமாகப் பட்டது.

பிறகு என் நிப்பை வாங்கி ஒரு கோடு இழுத்தார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் அந்தக் கோட்டின் பருமன் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு மயிரளவும் மாறவில்லை. பட்டையை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் சீவக்கூடாது, ஆழம் போனால் மரத்தில் காயம் விழும், அங்கே மறுபட்டை முண்டுமுண்டாக வளரும். காலை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்குச் சில நூறு மரம். அந்தக் கை இது. அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.

எழுத்துக்கு வருகிறேன். வளைகோடு தம்பி சொன்னதுபோலச் சாய்வை விட்டுவிட்டேன். ஐயா சொன்ன கொம்பைத் தூக்கினேன். ஓரளவு வந்திருக்கிறது. ஆனாலும் கூர்நிப் எழுத்து என் கண்ணுக்கு இன்னும் வெள்ளைக்காரக் கவுன் போட்ட தமிழாகத்தான் தெரிகிறது. நம் ஊருக்கென்று ஒரு கை இல்லையா?

பலகைக்கடை | வெள்ளி, காலை 8.15

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒருவர் நினைவு வந்தது. நம் பட்டணத்தில் முன்பு பலகை எழுதிய ஓவியர் தாத்தா ஒருவர் இருந்தார். லாரிக் கதவு, ஒட்டுக்கடைப் பெயர், தோட்டத்து விளையாட்டுப் போட்டிக்குத் துணிப் பதாகை, எல்லாம் அவர் கைதான். சிறுவனாக இருந்தபோது அவருக்குப் பெயிண்ட் டின் பிடித்திருக்கிறேன். சுண்ணக்கட்டி தேய்த்த நூலைப் பலகையின் இரு முனையிலும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். இரண்டு கோடு விழும். அதற்குமேல் அளவு கிடையாது. தட்டையான தூரிகையை டின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘அ’வின் சுழியைத் தொடங்குவார். தூரிகையை விரலுக்குள் உருட்டிக்கொண்டே திருப்புவார். சுழியில் மெலிந்து வயிற்றில் தடித்து காலில் மறுபடி மெலியும். முடிக்கும்போது தூரிகையின் ஒரு மூலையை மட்டும் மேலே சுண்டி எடுப்பார். அந்த இடத்தில் மீன்வால்போல ஒரு சின்னக் கீற்று நிற்கும். அதை வைத்தே இது அவர் எழுதியது என்று சொல்லிவிடலாம்.

அவர் காலமாகிப் பல ஆண்டாகிறது. கணினியில் வெட்டும் ஸ்டிக்கர் வந்தபின் அவருக்கு வேலை குறைந்தது. நானே அந்த இயந்திரத்தை வாங்கியவன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் பலகை அவர் எழுதியது. புதுப் பலகை போட்டபின் அதைக் கழற்றிப் பின்கட்டில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மஞ்சள் தரையில் சிவப்பு எழுத்து, “அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயம்”. போன மாதம்கூடப் பார்த்தேன், ஓரத்தில் செல் அரித்திருக்கிறது, எழுத்து நன்றாகவே இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

வளைகோடு | வெள்ளி, காலை 9.30

அண்ணா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அலுவலகத்துக்குத் தாமதமாகிவிட்டது. ‘ரு’வின் அடிச்சுற்றைப் பாருங்கள், தூரிகை திரும்புகிற இடத்தில் வண்ணம் சற்றுக் குவிந்து உறைந்திருக்கிறது. நிப்பின் தடிமன் அழுத்தத்தால் வருவது, இவருடைய தடிமன் தூரிகையைத் திருப்புவதால் வருவது. அக்கா தேடும் கை இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி கணக்கு. தமிழுக்கு 247 எழுத்து என்றாலும் எழுத்துருவுக்கு அத்தனையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம், மெய்யின் உடம்பு 18, கால், கொம்பு, விலங்குகள், புள்ளி. உகரமும் ஊகாரமும்தான் எழுத்துக்கு எழுத்து உரு மாறும், அவை மட்டும் 36. பிறகு ஜ, ஷ, ஸ, ஹ முதலியவை. நம் ஊர்ப் பெயர்களுக்கு அவை கட்டாயம் வேண்டும்.

இந்தப் பலகையில் கிடைப்பவை: அ, ஆ, அதோடு க, ம, ய, ர, ல, ள, ன என்று ஏழு மெய்யின் உடம்பு. மேல்விலங்கு இருக்கிறது, கால் இருக்கிறது, புள்ளி இருக்கிறது. ‘ரு’, ‘கு’ இரண்டு உகரம். ஆனால் ஒரு கொம்புகூட இல்லை. ஐயா எங்கே தூக்கச் சொன்னாரோ அது மட்டும் இல்லை.

கரும்பலகை | வெள்ளி, பிற்பகல் 1.10

கொம்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பழைய தோட்டத்துப் பள்ளியின் பெயர்ப்பலகையும் அவரே எழுதியது என்று எங்கள் முன்னாள் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். பள்ளி பட்டணத்துக்கு மாறி வந்தபோது பலகையையும் ஏற்றி வந்து நூலகத்து உட்சுவரில், கூரைக்குக் கீழே உயரத்தில் மாட்டிவிட்டார்கள். “தேசிய வகை” என்று தொடங்கி, தோட்டத்தின் பெயருக்குப் பின் “தோட்டத் தமிழ்ப்பள்ளி” என்று முடியும். ‘தே’யில் இரட்டைக்கொம்பு, ‘கை’யில் நீங்கள் தேடும் கொம்பு. த, ச, வ, ட, ழ, ப ஆறும் புதிதாகச் சேரும். இடைவேளையில் கீழே நின்று படம் எடுத்தேன், மங்கலாக இருந்தாலும் அனுப்புகிறேன்.

ஐயா, அந்தக் ‘கை’யின் கொம்பைப் பாருங்கள். நீங்கள் சொன்னபடியே தலைச்சுழி கோட்டுக்கு மேலே எழும்பியிருக்கிறது. இத்தனை ஆண்டும் அதன் கீழே நின்று பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஈயஎழுத்து | வெள்ளி, பிற்பகல் 3.45

பார்த்தேன் டீச்சர். தூரிகைக்காரர் அதை அப்போதே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

ஏழும் ஆறும் பதின்மூன்று. ங, ஞ, ண, ந, ற ஐந்தும்தான் இல்லை. ஆனால் ‘திருமணம்’ என்று எழுத ‘ண’ வேண்டுமே தம்பி?

வளைகோடு | வெள்ளி, மாலை 6.20

ஐயா, ‘ண’ இருக்கிறது. இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’ என்று பள்ளியில் படித்தோமே. கோயில் பலகையில் அவர் எழுதிய ‘ன’ இருக்கிறது. அதன் முதல் சுழி எப்படித் திரும்புகிறது, எங்கே மெலிகிறது என்று பார்த்து இன்னொரு சுழி சேர்த்தால் அது அவருடைய ‘ண’வாகவே இருக்கும். ‘த’, ‘ந’, ‘ற’ மூன்றுக்கும் அடியில் ஒரே வகை வால். பள்ளிப் பலகையில் ‘த’ கிடைத்துவிட்டதால் மற்ற இரண்டின் வாலும் கையில் இருக்கிறது. ‘ங’, ‘ஞ’ இரண்டுக்குத்தான் நாமாக ஊகிக்க வேண்டும். அழைப்பிதழுக்கு அவை உடனே தேவைப்படா.

செம்பனைச்சாலை | திங்கள், இரவு 10.40

மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. முடித்துவிட்டேன்.

மணமக்களின் உண்மைப் பெயரைப் பொதுவில் போட விரும்பவில்லை. மாதிரிக்கு ‘நந்தினி’, ‘மாறன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். படங்களின்மேல் மெல்லிய தாளை வைத்து, தட்டைத் தூரிகையால் எழுதி, வருடி எடுத்துக் கணினியில் கோடு பிடித்தேன். முதலில் எல்லா வால்களையும் ஆசையாக நீட்டினேன். ‘நந்தினி’யில் ந, ந், தி என்று மூன்று வால். ‘மாறன்’ என்பதில் ‘ற’ ஒன்றுதான். அந்த அம்மாவிடம் காட்டியபோது உடனே சொன்னார்: “பெண் பெயருக்கு மூன்று, மாப்பிள்ளை பெயருக்கு ஒன்றா? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?” கேட்டதும் எனக்கும் கண்ணில் பட்டது. பெண்ணின் பெயர் அடியில் கனத்து, வரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. முதல் ‘ந’வின் வாலை மட்டும் நீளமாக விட்டு மற்ற இரண்டையும் குறுக்கினேன். ‘ற’ வாலை அதே நீளத்துக்கு இழுத்தேன். இப்போது பெயருக்கு ஒரு வால், இரண்டும் எதிரெதிரே ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன.

மேலே இருந்த ஆங்கில ஸ்கிரிப்டையும் அடக்கிவிட்டேன். ஸ்கிரிப்டில் சிற்றெழுத்து மிகச் சிறியது. 30 பாயிண்டில் வைத்தால்தான் 17 பாயிண்டுத் தமிழுக்கு நிகராகத் தெரிகிறது. முழுவதும் பெரிய எழுத்தில் வேண்டும் என்று கேட்டார்கள், மறுத்துவிட்டேன். ஸ்கிரிப்டில் பெரிய எழுத்துகளை மட்டும் அடுக்கினால் படிக்கவே முடியாது. எழுத்திடைவெளியையும் கூட்டவில்லை, கூட்டினால் கோத்த இடமெல்லாம் அறுந்து தொங்கும்.

அச்சுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று ஆண்டுக்கு முன் ஓர் அச்சகத்துக்குத் தமிழ் வரியை எழுத்தாகவே கோப்பில் விட்டு அனுப்பினேன். அங்கிருந்த பழைய மென்பொருளுக்குத் தமிழ்க் கொம்பை இடம் மாற்றத் தெரியவில்லை. ‘தேவி’ என்ற பெயரில் கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நின்றது. 300 அழைப்பிதழ். பிழை யாருடையது என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. என் கைப்பணத்தில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அன்று முதல் எல்லா எழுத்தையும் வெறும் கோட்டுப் படமாக மாற்றாமல் எந்தக் கோப்பையும் அனுப்புவதில்லை. பொன் தகடு அச்சு என்றால் இன்னொன்று: என் அனுபவத்தில் 0.2 மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டில் தகடு விட்டுவிட்டுத்தான் ஒட்டுகிறது. சொரசொரப்பான அட்டையில் இன்னும் மோசம். அதனால் மெலிவுகளைக் கொஞ்சம் தடிக்கவிட்டேன். தூரிகை எழுத்துக்கு அது பொருந்தியே இருக்கிறது.

அந்த அம்மா இன்று மாலை வந்து மாதிரித் தாளைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, மகளின் பெயரைச் சத்தமாகப் படித்தார். பிறகு ‘துணைவியார்’ என்ற இடத்தில் கொம்பைத் தொட்டுப் பார்த்தார். முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஈயஎழுத்து | செவ்வாய், காலை 6.50

அம்மா, மாதிரியைப் பார்த்தேன். கொம்புக்கும் ‘ண’வுக்கும் நடுவில் காற்று அதிகம். தலைச்சுழியைத் தூக்கியதும் அடியில் இடம் விட்டுப்போயிருக்கிறது. அரை மில்லிமீட்டர் நெருக்கு. கொம்பு தனியாக நின்றால் கண் அதை முந்தைய எழுத்தோடு சேர்த்துப் படித்துவிடும். மற்றபடி நான் சொல்ல ஒன்றுமில்லை. அச்சானதும் எனக்கு ஒன்று அனுப்பு, தபால் செலவு நான் தருகிறேன்.

செம்பனைச்சாலை | செவ்வாய், காலை 8.05

நெருக்கிவிட்டேன் ஐயா. நீங்கள் சொன்னதும்தான் தெரிகிறது. தபால் செலவு வேண்டாம், நானே கோலா கங்சாருக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

வளைகோடு | செவ்வாய், இரவு 9.15

அக்கா, இதை ஓர் அழைப்பிதழோடு விட்டுவிட மனமில்லை. முழு எழுத்துருவாகச் செய்து இலவசமாக வெளியிடலாம். ஆனால் கைப்பேசிப் படங்கள் போதா. கோணலாக எடுத்ததால் ‘அ’வின் வயிறு ஒரு பக்கம் உப்பித் தெரிகிறது. பலகைக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைக்க வேண்டும். தாத்தாவின் குடும்பத்தாரைத் தேடி ஒப்புதலும் கேட்க வேண்டும், எழுத்துருவில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பலகைக்கடை | செவ்வாய், இரவு 9.40

குடும்பத்தை நான் விசாரிக்கிறேன். மகள் தாப்பா பக்கம் இருப்பதாகக் கேள்வி. கோயில் தலைவரிடம் பேசிவிட்டேன், பலகையை வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறேன் என்றார். பள்ளிப் பலகைக்கு ஏணி வேண்டும், என்னிடம் பன்னிரண்டு அடி ஏணி இருக்கிறது.

கரும்பலகை | செவ்வாய், இரவு 10.02

பள்ளியில் அனுமதி வாங்கிவிட்டேன். சனிக்கிழமை காலை எட்டு மணி. ஒட்டடை அடித்து வைக்கிறேன், ஆனால் பலகையை ஈரத்துணியால் துடைக்கமாட்டேன்.

பலகைக்கடை | செவ்வாய், இரவு 10.06

துடைக்கவே வேண்டாம் டீச்சர். காய்ந்த தூரிகை கொண்டுவருகிறேன்.